இயந்திரப் பொறியியல் கிளைவிட்ட கதை

இயந்திரப் பொறியியல் துறையின் பேராசிரியர் பட்டியலில் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஓர் ஆய்வுப் புலம் எழுதப்பட்டிருக்கும். ஒருவருக்கு வெப்பப் பரிமாற்றம், இன்னொருவருக்கு உலோகச் சோர்வு, மற்றொருவருக்கு டர்பைன், அடுத்தவருக்கு வெட்டுக்கருவிகள். சென்னையிலும் சரி, சிகாகோவிலும் சரி, இந்தப் பாகப்பிரிவினை ஏறக்குறைய ஒன்றே. 1840-இல் இப்படி ஒரு பிரிவினை எங்கும் கிடையாது. இயந்திரம் என்ற பெயரில் என்ன உண்டோ அத்தனையையும் ஒரே ஆசிரியர் நடத்தினார். அடுத்த முக்கால் நூற்றாண்டில்தான் அந்த ஒற்றை இருக்கை பல இருக்கைகளாகப் பிரிந்தது. பிரிந்த இடம் பெரும்பாலும் ஜெர்மன் மொழி வழங்கும் நாடுகளின் தொழில்நுட்பக் கல்லூரிகள்: கார்ல்ஸ்ரூ, சூரிச், மியூனிக், ட்ரெஸ்டன், ஸ்டுட்கார்ட், பெர்லின். ஒவ்வொரு பிரிவின் பிறப்பையும் தேடிப் போனால், எங்கோ ஒரு தொழில் முட்டிக்கொண்டு நின்ற இடத்தில்தான் போய் முடிகிறது. மதுவடிப்பவரின் நிலவறை, வெடித்த கொதிகலன், முறிந்த ரயில் அச்சு ஆகியவையே இந்தத் துறையின் உண்மையான நிறுவனர்கள்.

அந்தக் காலத்து பிரிட்டனில் பொறியாளராக விரும்பிய இளைஞன் கல்லூரிக்குப் போகவில்லை. பட்டறை ஒன்றில் சேர்ந்து, ஆண்டுக்கணக்கில் தொழில் பழகினான். ஆலைகள் முந்தி வந்துவிட்ட நாட்டுக்கு அது போதுமானதாக இருந்தது. ஜெர்மன் நாடுகளில் நிலைமை வேறு. ஆலைகள் குறைவு, அவற்றை வளர்க்க வேண்டுமென்றால் முதலில் ஆட்களை வளர்க்க வேண்டும் என்று அரசுகள் எண்ணின. பாரிஸில் 1794-இல் தொடங்கிய எக்கோல் பாலிடெக்னிக் அவற்றுக்கு முன்மாதிரி ஆயிற்று. (அதே 1794-இல்தான் சென்னையில் நில அளவைப் பள்ளி தொடங்கியது, பின்னாளில் கிண்டி பொறியியல் கல்லூரியாக வளர்ந்தது அதுவே.) பாடன் அரசு கார்ல்ஸ்ரூ நகரில் 1825-இல் தன் பாலிடெக்னிக்கைத் திறந்தது. ஆனால் பாரிஸ் பாணிக் கல்வி கணிதத்தில் ஊன்றியது. வகையீட்டுச் சமன்பாட்டைத் தீர்க்கத் தெரிந்த மாணவனுக்கு ஒரு பற்சக்கரத்தின் பல் எவ்வளவு தடிமன் இருக்க வேண்டும் என்று சொல்லத் தெரியவில்லை. பட்டறைக்காரருக்கு அது தெரியும். ஏன் அப்படி என்று சொல்லத் தெரியாது.

இந்த இடைவெளியில் பாலம் கட்டியவர் ஃபெர்டினாண்ட் ரெட்டன்பாக்கர். ஆஸ்திரியாவின் ஸ்டயர் என்ற இரும்புத் தொழில் நகரில் 1809-இல் பிறந்தவர். வியன்னாவில் படித்து, சூரிச்சில் கணிதம் நடத்திக்கொண்டிருந்தபோது, அங்கிருந்த எஷர் வைஸ் இயந்திரத் தொழிற்சாலையின் வேலையை அருகிலிருந்து பார்க்கும் வாய்ப்பு அவருக்குக் கிடைத்தது. 1841-இல் கார்ல்ஸ்ரூவில் இயந்திரவியல் பேராசிரியரானார். நீர்ச்சக்கரம், டர்பைன், நீராவி இயந்திரம், ரயில் எஞ்சின் எல்லாம் அவர் ஒருவர் பொறுப்பு. 1848-இல் அவர் வெளியிட்ட ‘ரெசுல்டாட்டெ’ என்ற நூல், இயந்திர உறுப்புகளின் அளவுகளைக் கணக்கிடும் சூத்திரங்களையும் அட்டவணைகளையும் ஓரிடத்தில் திரட்டித் தந்தது. உறுப்பின் அளவுகள் அனைத்தையும் ஏதாவது ஓர் அடிப்படை அளவின் விகிதமாகச் சொல்வது அவர் முறை. தண்டின் விட்டம் தெரிந்தால் மற்றதெல்லாம் அதிலிருந்து வரும். தமிழ்நாட்டில் மெக்கானிக்கல் படித்தவர்கள் தேர்வு அறைக்கு எடுத்துச் சென்ற, கோவை பி.எஸ்.ஜி. கல்லூரியின் டிசைன் டேட்டா புத்தகத்தை நினைத்துப் பார்த்தால் ரெட்டன்பாக்கர் செய்தது என்னவென்று விளங்கும். அந்த வகை நூல்களின் முன்னோடிகளில் ஒன்று அது.

அவருடைய வகுப்பறையிலிருந்து வெளியே போனவர்களின் பெயர்களே அவர் ஆசிரியத் திறனுக்குச் சான்று. ரயில் எஞ்சின் ஓட்டுநரின் மகனான கார்ல் பென்ஸ் 1860-இல் அங்கு மாணவராகச் சேர்ந்து 1864-இல் படிப்பை முடித்தார்; 1886-இல் மோட்டார் காருக்குக் காப்புரிமை பெற்றார். ரெட்டன்பாக்கர் 1863-இல் இறந்தபின் அந்த இடத்துக்கு வந்தவர் ஃபிரான்ஸ் கிராஸ்ஹோஃப். ஜெர்மன் பொறியாளர் சங்கத்தை 1856-இல் தொடங்கியவர்களில் முதன்மையானவர். சங்கத்தின் இதழையும் நெடுங்காலம் கவனித்துக்கொண்டவர். சூடான காற்று தானாக மேலெழும் இயல்பை அளக்கும் எண்ணுக்கு இன்றும் அவர் பெயர்தான். ஆனாலும் கார்ல்ஸ்ரூவில் துறை இன்னும் ஒன்றாகவே இருந்தது. முதல் கிளையை ஒடித்து நட்டவர் ரெட்டன்பாக்கரின் மாணவர் ஒருவர்.

ஃபிரான்ஸ் ரூலோ 1829-இல் பிறந்தார். இயந்திரம் கட்டும் குடும்பத்துப் பிள்ளை. 1856-இல் சூரிச் பாலிடெக்னிக்கிலும், 1864 முதல் பெர்லினிலும் பேராசிரியராக இருந்தார். அவரை ஆட்டிப்படைத்த கேள்வி எளிமையானது: இயந்திரம் என்றால் என்ன? நெம்புகோல், கப்பி, சாய்தளம் என்று பழைய நூல்கள் அடுக்கிய எளிய பொறிகளின் பட்டியல் அவருக்கு நிறைவளிக்கவில்லை. எந்த இயந்திரத்தையும் பிரித்தால் கடைசியில் கிடைப்பது தனி உறுப்பு அல்ல, ஒன்றையொன்று தொட்டு, ஒன்றின் அசைவை மற்றொன்று கட்டுப்படுத்தும் இரண்டு உறுப்புகள் என்றார். போல்ட்டும் நட்டும் ஓர் இணை. தண்டும் பேரிங்கும் ஓர் இணை. பிஸ்டனும் சிலிண்டரும் ஓர் இணை. இணைகளைக் கோத்தால் சங்கிலி. சங்கிலியின் ஒரு கண்ணியை அசையாமல் பிடித்தால் இயங்கமைப்பு. எந்தக் கண்ணியைப் பிடிக்கிறோம் என்பதைப் பொறுத்து ஒரே சங்கிலி நீராவி இயந்திரமாகவோ கைப்பம்பாகவோ மாறும். 1875-இல் வந்த அவருடைய ‘கோட்பாட்டுக் கைனமேட்டிக்ஸ்’ நூல் இதை முழுமையாக விளக்கியது. இயந்திரங்களை எழுத்துகளைப்போல் குறியீடுகளால் எழுதிவிடலாம் என்றும் அவர் நம்பினார்.

சொன்னதைக் கையில் கொடுத்துக் காட்டியது அவருடைய தனிச்சிறப்பு. பெர்லினில் ஏறத்தாழ 800 மாதிரிகளை அவர் சேர்த்து வைத்தார். குஸ்தாவ் ஃபோய்க்ட் என்ற கருவி செய்பவர் அவற்றில் பலவற்றைப் பித்தளையிலும் வார்ப்பிரும்பிலும் நகலெடுத்து விற்றார். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகம் 1882-இல் ஒரு பெரும் தொகுதியை வாங்கியது. அந்த முடிவு நல்லதாகப் போயிற்று. பெர்லினில் இருந்த மூலத் தொகுதியின் பெரும்பகுதி இரண்டாம் உலகப்போரில் அழிந்துபோக, கார்னெலில் இருநூறுக்கும் மேற்பட்ட மாதிரிகள் இன்றும் இருக்கின்றன. கைப்பிடியைச் சுழற்றினால் அவை இப்போதும் ஓடும்.

ரூலோ வாழ்நாளிலேயே ஒரு வருத்தத்துக்கும் ஆளானார். 1876-இல் ஃபிலடெல்ஃபியா உலகக் கண்காட்சிக்கு ஜெர்மனியின் சார்பில் சென்றவர், தம் நாட்டுப் பொருள்கள் மலிவானவை, மட்டமானவை என்று ஒளிக்காமல் செய்தித்தாளில் எழுதினார். நாடே கொதித்தது. விலையில் போட்டியிடாமல் தரத்தில் போட்டியிடுங்கள் என்ற அவருடைய அறிவுரையை ஜெர்மன் ஆலைகள் மெல்ல மெல்ல ஏற்றன. தம் நாட்டைப் பற்றிய கசப்பான உண்மையை உலகின் முன் சொல்லத் துணிந்த பேராசிரியர் என்ற வகையிலும் அவர் நினைக்கப்பட வேண்டியவர்.

இரண்டாவது கிளை வெப்பம். 1855-இல் திறக்கப்பட்ட சூரிச் பாலிடெக்னிக் முதல் ஆண்டிலேயே இரண்டு பேரை ஒருசேரப் பெற்றது: இயற்பியலுக்கு ருடால்ஃப் கிளாசியஸ், இயந்திரவியலுக்கு குஸ்தாவ் சொய்னர். வெப்ப இயக்கவியலின் இரண்டாம் விதியை வகுத்தவர் கிளாசியஸ். அந்த விதியை நீராவி இயந்திரம் கட்டுபவருக்குப் புரியும் மொழியில் எழுதியவர் சொய்னர். கெம்னிட்ஸ் நகரில் தச்சரின் மகனாகப் பிறந்து, 1849-இல் ட்ரெஸ்டன் மக்கள் எழுச்சியில் கலந்துகொண்டவர். வெப்பத்தின் இயந்திரவியல் பற்றிய அவர் நூல் 1860-இல் வந்தது. ரயில் எஞ்சினின் நீராவி வால்வு எப்போது திறந்து எப்போது மூட வேண்டும் என்பதை வட்டங்களால் வரைந்து காட்டும் அவருடைய வரைபடம் பட்டறைகளில் நெடுங்காலம் புழங்கியது.

இவர்களிடம் சூரிச்சில் படித்த மாணவர்களில் ஒருவர் கார்ல் லிண்டே. 1864-இல் மாணவர் கிளர்ச்சி ஒன்றில் கலந்துகொண்டதால் பட்டம் பெறாமலே வெளியேற்றப்பட்டார். ரயில் எஞ்சின் தொழிற்சாலைகளில் வேலை பார்த்துவிட்டு, 1868-இல் மியூனிக்கில் புதிதாகத் திறந்த பாலிடெக்னிக்கில் 26 வயதில் ஆசிரியரானார். பாராஃபின் மெழுகை உறையவைக்கக் குளிரூட்டும் கருவி வேண்டும் என்று வந்த ஒரு பரிசு அறிவிப்பு அவர் கண்ணில் பட்டது. வெப்பத்தைக் கொண்டு வேலை வாங்குவதையே எல்லோரும் படிக்கிறார்கள், வேலையைச் செலவழித்து வெப்பத்தை வெளியேற்றுவதை யாரும் ஒழுங்காகக் கணக்கிடவில்லையே என்று அவருக்குத் தோன்றியது. 1870-இலும் 1871-இலும் பவேரியத் தொழில் இதழ் ஒன்றில் அதைப் பற்றிக் கட்டுரைகள் எழுதினார்.

அந்த இதழைப் படித்தவர்கள் மதுவடிப்பவர்கள். பவேரியப் பீரின் சிக்கல் அந்த மாநிலத்தில் எல்லோரும் அறிந்தது. பாத்திரத்தின் அடியில் படிந்து நொதிக்கும் ஈஸ்ட்டைக் கொண்டு செய்யும் லாகர் பீருக்குக் குளிர் வேண்டும். வெயில் காலத்தில் வடித்தால் கெட்டுப்போகும். அதனால் புனித மிக்கேல் திருநாளான செப்டம்பர் 29 முதல் புனித ஜார்ஜ் திருநாளான ஏப்ரல் 23 வரை மட்டுமே வடிக்கலாம் என்று பதினாறாம் நூற்றாண்டில் போட்ட சட்டம் முந்நூறு ஆண்டுகள் நடப்பில் இருந்தது. சட்டம் போன பின்பும் வெயில் போகவில்லை. ஏரிகளில் உறைந்த பனிக்கட்டியை வெட்டி, வண்டிகளில் ஏற்றி, நிலவறைகளில் அடுக்கிக் கோடையைக் கடத்தினார்கள். குளிர்காலம் மிதமாக இருந்த ஆண்டில் பனிக்கட்டிக்குப் பஞ்சம். பனிக்கட்டிக்குப் பஞ்சமென்றால் பீருக்கும் பஞ்சம்.

வியன்னாவின் ட்ரேஹர் மதுவடிப்பகத்தைச் சேர்ந்த ஆகஸ்ட் டைகிள்மயர் லிண்டேயைத் தேடி வந்தார். மியூனிக்கின் ஸ்பாட்டன் மதுவடிப்பகத்தின் காப்ரியேல் ஸெட்ல்மயர் சோதனைக்கு இடம் கொடுத்தார். ஆக்ஸ்பர்க் இயந்திரத் தொழிற்சாலை கருவியைச் செய்து கொடுத்தது. 1873 வாக்கில் ஸ்பாட்டனில் பொருத்திய முதல் இயந்திரம் மீத்தைல் ஈதரில் ஓடியது. கசிவை அடக்குவது பெரும் பாடாயிற்று. லிண்டே தளரவில்லை. அடுத்த இயந்திரத்தை அம்மோனியாவுக்கு மாற்றினார். 1877-க்குள் ட்ரேஹரின் ட்ரியெஸ்ட் நகர் மதுவடிப்பகத்தில் அம்மோனியா இயந்திரம் சீராக ஓடத் தொடங்கிவிட்டது. சாவடிக்குச் சாவடி பனிக்கட்டி வண்டி போன காலம் அங்கே முடிந்தது. மீனும் இறைச்சியும் மருந்தும் பிறகு வந்தன. குளிர்பதனப் பொறியியல் என்ற ஆய்வுப் புலத்துக்கு முதல் படி அளந்தது பீர்தான். 1879-இல் லிண்டே பேராசிரியர் பதவியை விட்டு வீஸ்பாடனில் நிறுவனம் தொடங்கினார். 1895-இல் காற்றையே திரவமாக்கிக் காட்டினார்.

பதவியில் இருந்த நாள்களில் அவர் செய்த இன்னொரு காரியத்தை இங்கே விட்டுவிடக் கூடாது. இயந்திரங்களை ஓட்டி அளந்து பார்க்க மாணவர்களுக்கென்றே மியூனிக்கில் ஓர் இயந்திர ஆய்வகம் அமைத்தார். ஜெர்மன் நாடுகளில் அந்த வகையில் அது முதலாவது. அவருடைய வெப்ப இயக்கவியல் வகுப்பில் உட்கார்ந்திருந்த மாணவர் ருடால்ஃப் டீசல். நல்ல நீராவி இயந்திரமும் எரிபொருளின் வெப்பத்தில் 6 முதல் 10 விழுக்காட்டையே வேலையாக மாற்றுகிறது என்று அங்கே கேட்டது அவர் மனத்தை விட்டு அகலவில்லை. மீதியெல்லாம் புகைபோக்கி வழியாகவும் குளிர்நீர் வழியாகவும் போய்க்கொண்டே இருந்தது. படிப்பு முடிந்ததும் டீசல் லிண்டேயின் குளிர்பதன நிறுவனத்திலேயே வேலைக்குச் சேர்ந்தார். காற்றை அழுத்தினால் எவ்வளவு சூடேறும் என்பதைக் குளிரூட்டும் கருவிகளோடு பழகியவரைவிட வேறு யார் நன்றாக அறிவார்? 1893-இல் அவருக்குக் காப்புரிமை கிடைத்தது. லிண்டேயின் இயந்திரங்களைச் செய்த அதே ஆக்ஸ்பர்க் தொழிற்சாலையில் நான்கு ஆண்டுகள் போராடி எஞ்சினை ஓடவைத்தார். 1897 பிப்ரவரி 17 அன்று அதை முறைப்படி சோதித்து, 26 விழுக்காடு திறன் என்று சான்றளித்தவர் மொரிட்ஸ் ஷ்ரோட்டர். லிண்டே விட்டுச் சென்ற மியூனிக் இருக்கையில் அமர்ந்திருந்த பேராசிரியர் அவர்.

மூன்றாவது கிளை உடைந்த இரும்பிலிருந்து வந்தது. 1842 மே மாதம் வெர்சாய் நகரிலிருந்து பாரிஸ் போன ரயிலின் எஞ்சின் அச்சு முறிந்து, பெட்டிகள் தீப்பிடித்து ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஆண்டுக்கணக்கில் நன்றாக ஓடிய அச்சு ஒருநாள் திடீரென்று ஏன் முறிகிறது? பிரஷ்ய ரயில்வேயில் பணியாற்றிய ஆகஸ்ட் வோலர் 1850-களின் இறுதியில் தொடங்கி அச்சுகளை லட்சக்கணக்கான முறை சுழற்றிச் சோதித்தார். ஒரே தடவையில் முறிக்கத் தேவைப்படும் விசையைவிட மிகக் குறைந்த விசையும் திரும்பத் திரும்ப வந்தால் இரும்பை முறித்துவிடும் என்பதும், ஒரு குறிப்பிட்ட அளவுக்குக் கீழே எத்தனை முறை வந்தாலும் முறியாது என்பதும் அவர் கண்டவை. வோலர் பேராசிரியர் அல்லர். அவர் தொடங்கியதைக் கல்லூரிக்குள் கொண்டுவந்தவர் மியூனிக்கின் யோகான் பௌஷிங்கர்.

பௌஷிங்கரின் ஆய்வகத்தில் லுட்விக் வெர்டர் வடிவமைத்த 100 டன் இழுவிசைச் சோதனை இயந்திரம் இருந்தது. கண்ணாடியில் பட்டுத் திரும்பும் ஒளியைக் கொண்டு, இரும்புத் துண்டு நீளும் மிகச் சிறு அளவையும் அவர் அளந்தார். அப்படி அளந்தபோது எதிர்பாராத ஒன்று வெளிப்பட்டது: இரும்பை ஒரு திசையில் இழுத்து நிலையாக நீளச் செய்துவிட்டால், எதிர்த்திசையில் அழுத்தும்போது அது முன்னைவிடச் சீக்கிரம் விட்டுக்கொடுக்கிறது. பௌஷிங்கர் விளைவு என்ற பெயரில் இன்றும் பாடநூல்களில் இருப்பது இதுவே. ஓர் ஊரில் சோதித்த இரும்பும் மற்றோர் ஊரில் சோதித்த இரும்பும் ஒப்பிடத்தக்கவையாக இருக்க வேண்டும் என்று 1884-இல் மியூனிக்கில் அவர் கூட்டிய மாநாடு, பின்னாளின் பன்னாட்டுச் சோதனைத் தரங்களுக்கு வித்திட்டது.

கொதிகலன் வெடிப்பு இன்னும் கொடியது. 1865 ஜனவரியில் மான்ஹைம் நகரின் மதுவடிப்பகம் ஒன்றில் கொதிகலன் வெடித்ததை அடுத்து, கொதிகலன் வைத்திருந்தவர்கள் தாமாகவே 1866-இல் மேற்பார்வைச் சங்கம் அமைத்தார்கள். மேற்பார்வையாளருக்கு எதை வைத்துப் ‘பாதுகாப்பு’ என்று சொல்வது என்ற கேள்வி எழுந்தது. ஸ்டுட்கார்ட்டில் 1878 முதல் பேராசிரியராக இருந்த கார்ல் பாஹ் அதைத் தம் வாழ்நாள் வேலையாக எடுத்துக்கொண்டார். இயந்திர உறுப்புகள் பற்றிய அவர் நூல் 1881-இல் வந்தது. 1884-இல் அங்கே பொருள் சோதனை நிலையம் தொடங்கியது. கோட்பாடு தட்டையான தகட்டைப் பற்றி என்ன சொல்கிறது என்பதோடு அவர் நிற்கவில்லை. உண்மையான கொதிகலன் தகடுகளை உடையும்வரை அழுத்திப் பார்த்தார். ஓர் எண்ணைத் தவறாக எழுதினால் ஆள் சாவான் என்ற உணர்வோடு பாடநூல் எழுதியவர்களில் அவருக்கு முதலிடம் கொடுக்கலாம்.

இவ்வளவுக்குப் பிறகும் பெரும்பாலான கல்லூரிகளில் கரும்பலகையே ஆட்சி செய்தது. அதை மாற்றியவர் பெர்லினின் அலோயிஸ் ரீட்லர். 1893-இல் சிகாகோ உலகக் கண்காட்சிக்குச் சென்றவர், அமெரிக்கக் கல்லூரிகளின் ஆய்வகங்களைப் பார்த்துத் திகைத்தார். அங்கே மாணவன் நீராவி இயந்திரத்தை வரைவதோடு ஓட்டவும் செய்தான். ஊர் திரும்பியதும் அவர் எழுதிய அறிக்கை பெரும் விவாதத்தைக் கிளப்பியது. 1895-இல் ஆஹனில் கூடிய பொறியாளர் சங்கம் எல்லாக் கல்லூரிகளுக்கும் இயந்திர ஆய்வகம் வேண்டுமென்று தீர்மானித்தது. அடுத்த ஆண்டே பெர்லினில் ஒன்று திறந்தது. அதே 1896-இல் ரூலோ பணி ஓய்வு பெற்றார். இயந்திரத்தைச் சிந்தனையால் அறிய முடியும் என்ற அவருடைய நம்பிக்கைக்கும், அளந்துதான் அறிய முடியும் என்ற ரீட்லரின் பிடிவாதத்துக்கும் நடந்த மோதலில் ரீட்லர் வென்றார். ரூலோவுக்கு அது நியாயமான முடிவு என்று சொல்ல முடியாது. ரோபோவின் கையை வடிவமைப்பவர்கள் இன்று திரும்பிப் போவது அவருடைய இணைகளுக்கும் சங்கிலிகளுக்கும்தான். ரீட்லரின் இன்னொரு வெற்றி 1899-இல் வந்தது. முனைவர் பட்டம் வழங்கும் உரிமையைப் பழைய பல்கலைக்கழகங்களின் எதிர்ப்பை மீறி, பேரரசர் இரண்டாம் வில்ஹெல்ம் பிரஷ்யத் தொழில்நுட்பக் கல்லூரிகளுக்கு அளித்தார். ஆய்வு என்பது பொறியியல் பேராசிரியரின் அன்றாட வேலையானது அதற்குப் பின்னரே. மாணவர் ஆய்வேடு எழுத வேண்டுமென்றால் வழிகாட்டிக்குத் தனிப் புலம் வேண்டும். இருக்கைகள் வேகமாகப் பெருகின.

ட்ரெஸ்டனில் சொய்னரின் இடத்துக்கு 1897-இல் வந்த ரிச்சர்ட் மோலியர் நீராவியின் குணங்களை ஒரே வரைபடத்தில் அடக்கினார். 1904-இல் வெளியான அந்த வரைபடத்தில் ஒரு கோட்டை அளவுகோலால் அளந்தாலே டர்பைனில் கிடைக்கும் வேலை தெரிந்துவிடும். ஸ்டீம் டேபிளோடு மடித்து வைத்த மோலியர் சார்ட்டை விரித்து மேசைமேல் போடாமல் வெப்பவியல் தேர்வு எழுதிய மெக்கானிக்கல் மாணவர் தமிழ்நாட்டில் இருக்க மாட்டார். மோலியரிடம் உதவியாளராக இருந்த வில்ஹெல்ம் நுசெல்ட், குழாயின் வடிவமும் ஓடும் பாய்மமும் எதுவாக இருந்தாலும் வெப்பம் கடக்கும் அளவைச் சில பரிமாணமற்ற எண்களால் சொல்லிவிட முடியும் என்று 1915-இல் ஒரு கட்டுரையில் காட்டினார். வெப்பப் பரிமாற்றம் வெப்ப இயக்கவியலிலிருந்து பிரிந்து தனிப் பாடமானது அந்தக் கட்டுரையால்தான்.

சூரிச்சில் ஆவுரெல் ஸ்டோடோலா நீராவி டர்பைனை எடுத்துக்கொண்டார். 1903-இல் வந்த அவருடைய நூல் பல பதிப்புகளில் பெருத்து, டர்பைன் கட்டுபவர்களின் வேதமாயிற்று. 1939-இல் நியூஷாட்டெல் நகருக்கென்று செய்த 4 மெகாவாட் எரிவாயு டர்பைனின் சோதனையை நடத்தியபோது அவருக்கு 80 வயது. மின்சாரம் எடுக்க ஓடிய முதல் எரிவாயு டர்பைன் அது. தாழ்ந்த மட்டத்தில் மிகுதியாக ஓடும் ஆற்றுநீருக்கு இலை திருப்பும் டர்பைனைத் தந்த விக்டர் கப்லான், பிர்னோ நகரின் ஜெர்மன் தொழில்நுட்பக் கல்லூரிப் பேராசிரியர்.

பாய்மவியலைப் புரட்டிப் போட்ட நிகழ்வு ஒரு மரத்தூள் குழாயில் தொடங்கியது. மியூனிக்கில் ஆகஸ்ட் ஃபெப்பிலிடம் படித்த லுட்விக் பிராண்டில், 1900-இல் நியூரம்பர்க் இயந்திரத் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தார். பட்டறையின் தூளையும் சீவலையும் உறிஞ்சும் கருவியைத் திருத்துவது அவருக்கு வந்த வேலை. விரிந்துகொண்டே போகும் குழாயில் காற்றின் அழுத்தம் கணக்குப்படி உயர வேண்டும், உயரவில்லை. காற்று குழாயின் சுவரை விட்டு விலகிப் போய்க்கொண்டிருந்தது. கருவியை வேறு வழியில் சரிசெய்துவிட்டார். ஆனால் காற்று ஏன் விலகியது என்ற கேள்வியை அடுத்த ஆண்டு ஹனோவரில் பேராசிரியரானபோது தம்மோடு எடுத்துப் போனார். 1904 ஆகஸ்டில் ஹைடல்பர்க் கணித மாநாட்டில் பத்து நிமிடம் பேசி விடை சொன்னார்: பரப்பை ஒட்டிய மெல்லிய படலத்தில் மட்டும் பிசுக்கு ஆட்சி செய்கிறது, வெளியே அது இல்லாததுபோல் கணக்கிடலாம். கையால் சுற்றும் சக்கரத்தால் நீரை ஓட்டும் ஒரு தொட்டியில் அதைக் காட்டியும் இருந்தார். அச்சில் எட்டே பக்கம். விமான இறக்கைக் கணக்கு அதிலிருந்து தொடங்குகிறது. கணிதப் பேராசிரியர் ஃபெலிக்ஸ் கிளைன் அதே ஆண்டு அவரைக் கோட்டிங்கனுக்கு அழைத்துக்கொண்டார்.

கடைசியாகப் பிரிந்தது பட்டறைதான். பெர்லினின் லுட்விக் லோவெ நிறுவனத்தில் லேத்தும் மில்லிங் இயந்திரமும் வடிவமைத்த கேயோர்க் ஷ்லெசிங்கர், 1904-இல் 30 வயதில் இயந்திரக் கருவிகளுக்கும் ஆலை நிர்வாகத்துக்குமான இருக்கையில் அமர்ந்தார். துளைக்கும் தண்டுக்கும் இடையே எவ்வளவு இடைவெளி விடலாம் என்பது அவருடைய முனைவர் பட்ட ஆய்வு. முதல் உலகப்போரில் கையிழந்தவர்களுக்கான செயற்கைக் கைகளை மேம்படுத்தினார். ஒரு லேத்தை வாங்கும்போது அதன் துல்லியத்தை எப்படிச் சோதிப்பது என்று 1927-இல் அவர் வகுத்த முறை உலகெங்கும் வழக்கில் வந்தது. ஷ்லெசிங்கர் யூதர். 1933-இல் நாஜி ஆட்சி அவரைக் கைதுசெய்து சிறையில் வைத்தது, பதவியையும் பறித்தது. விடுதலையாகி சூரிச், பிரசல்ஸ் வழியாக இங்கிலாந்துக்குப் போய், லஃப்பரோவில் ஆய்வைத் தொடர்ந்து, 1949-இல் இறந்தார். பெர்லினில் கணிதமும் இயந்திரவியலும் வளர்த்த ரிச்சர்ட் ஃபோன் மிசெஸும் அதே ஆண்டில் வெளியேறினார். மூன்று தலைமுறைகள் சேர்த்து வைத்த ஆசிரியர் செல்வத்தை அந்த ஆட்சி சில மாதங்களில் விரட்டியது. அந்த இழப்புக்கு எதுவும் ஈடாகாது.

போருக்குப் பின் எழுந்த மேற்கு ஜெர்மனிக்கு 1956-இல் பிரதமர் நேரு சென்றபோது, இந்தியாவில் ஓர் உயர் தொழில்நுட்பக் கல்வி நிலையம் அமைக்க உதவுவதாக அந்நாடு முன்வந்தது. சென்னை அரசு கிண்டிக் காட்டை ஒட்டி 600 ஏக்கருக்கும் மேற்பட்ட நிலம் கொடுத்தது. 1959 ஜூலை 31 அன்று மத்திய அமைச்சர் ஹுமாயூன் கபீர் சென்னை ஐ.ஐ.டி. என்ற அந்த நிறுவனத்தைத் தொடங்கி வைத்தார். முதல் அணியில் 120 மாணவர்கள். ஜெர்மனியிலிருந்து பேராசிரியர்களும் பட்டறை ஆசிரியர்களும் வந்தார்கள்; ஆய்வகக் கருவிகள் கப்பலில் வந்தன; இங்கிருந்து இளம் ஆசிரியர்கள் பயிற்சிக்கு அங்கே போனார்கள். இருக்கைக்கு ஓர் ஆய்வகம் என்ற ஜெர்மன் ஏற்பாடும் அவற்றோடு வந்து சேர்ந்தது.

சென்னை ஐ.ஐ.டி.யின் இயந்திரப் பொறியியல் துறை இன்று வடிவமைப்பு, வெப்பவியல், உற்பத்தி என்ற மூன்று பிரிவுகளாக இயங்குகிறது. வெப்பவியலுக்குள் குளிர்பதனத்துக்கு ஓர் ஆய்வகம், எஞ்சின்களுக்கு ஓர் ஆய்வகம், வெப்பப் பரிமாற்றத்துக்கு ஓர் ஆய்வகம், நீர் டர்பைன்களுக்கும் வெப்ப டர்பைன்களுக்கும் தனித்தனி ஆய்வகங்கள் உண்டு.